கார் கன்சல்டிங்கில் ‘லாஸ்ட் ரேட்’ சொன்ன பிறகு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மாதவரம் இருநூறடிச் சாலைப் பக்கம் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) 2018 மாடல் ஸ்விஃப்ட் பார்த்திருக்கிறார். பெட்ரோல், விஎக்ஸ்ஐ, செகண்ட் ஓனர், மீட்டரில் 58,000 கிலோமீட்டர். விலை 4.60 லட்சம் சொல்லி, கேட்டதும் பத்தாயிரம் குறைத்து, ‘இதுதான் லாஸ்ட்’ என்று முடித்துவிட்டார்கள். ‘எனக்குப் பேரம் பேச வராது. எவ்வளவு குறைத்துக் கேட்டால் அசிங்கமாக இருக்காது? என்ன சொல்லிக் கேட்பது?’ என்பது அவர் கேள்வி. பேச்சுத் திறமை பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், அந்த வண்டிக்கு என்ன கொடுக்கலாம் என்ற கணக்கு கையில் இல்லாததுதான் அவருடைய கூச்சத்துக்குக் காரணம். பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடும் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கு தெரிந்தவருக்குப் பேச்சு நாலு வாக்கியத்தில் முடிந்துவிடும். கணக்கு இல்லாதவர் எவ்வளவு நேரம் பேசினாலும், எதிரில் இருப்பவர் குறைக்க நினைத்த அளவுக்குத்தான் குறையும். வண்டியை நேரில் பார்க்காமல் ‘இவ்வளவு கொடுங்கள்’ என்று சொல்வது சரியில்லை. அந்த விலையை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டி கடைக்காரர் காசு போட்டு எடுத்ததா, ஓனர் கொண்டுவந்து விட்டுப்போன பார்க் அண்ட் சேல் வண்டியா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பேரம் வேறு வேறு. பார்க் அண்ட் சேல் என்றால் ஓனர் ‘என் கைக்கு இவ்வளவு வரணும்’ என்று ஒரு தொகை சொல்லியிருப்பார். அதற்கு மேல் வருவது கடைக்காரருடையது. அவரால் தன் பங்கை மட்டும்தான் விட முடியும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் ஓனரிடம் போனில் கேட்க வைக்க வேண்டும். சொந்த ஸ்டாக் என்றால் போட்ட காசுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 3.80 லட்சம் போட்டு எடுத்திருந்தால், ஒன்றரை வட்டிக்கு மாதம் 5,700 ரூபாய். மூன்று மாதம் நின்ற வண்டியில் பதினேழாயிரம் கரைந்திருக்கும். அதனால் வண்டி எத்தனை நாளாக நிற்கிறது என்பது உங்களுக்கு மிகவும் பயனுள்ள செய்தி. ஆன்லைன் விளம்பரம் போட்ட தேதி, பிரேக் டிஸ்க்கில் ஏறியிருக்கும் துரு, ஸ்டார்ட் செய்ய வேறு பேட்டரி கொண்டுவந்து வைப்பது எல்லாம் அதைச் சொல்லும். சொந்த ஸ்டாக்கா என்பதற்குக் காகிதச் சாட்சியும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில், பழைய வண்டி விற்பவர்கள் ஆர்டிஓவிடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும், வண்டி ஓனரிடமிருந்து கைமாறியதைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. அது பதிவாகியிருந்தால் வண்டிக்கு இப்போது பொறுப்பு அந்த டீலர்தான். கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் உடனே ஏமாற்று என்று அர்த்தமில்லை. ஆனால் கடைசியில் சொல்லப்போகும் காகித விஷயங்களில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அடுத்தது அடிப்படை விலை. அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட், அதே ஓனர் எண்ணிக்கை உள்ள எட்டுப் பத்து விளம்பரங்களைச் சென்னைக்குள் எடுத்து எழுதுங்கள். இவை எல்லாம் கேட்கும் விலை. விற்ற விலை இல்லை. எனவே நடுவில் இருப்பதை எடுக்காமல், கீழே இருந்து மூன்றாவது நான்காவது விலையைப் பிடியுங்கள். பிறகு கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற தளங்களில் அதே விவரமுள்ள வண்டியை விற்பதென்றால் என்ன மதிப்புக் காட்டுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் ஏறக்குறைய எந்த விலையில் எடுத்திருப்பார் என்பதற்கு அது ஒரு குறிப்பு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் பேரம் நடக்கும். இன்சூரன்ஸ் காகிதத்தில் உள்ள ஐடிவி (காப்பீட்டுக்காக வைத்த வண்டி மதிப்பு) தொகையைக் காட்டி ‘இதுதான் வண்டி மதிப்பு’ என்று இரண்டு தரப்புமே வாதாடுவது வழக்கம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது பாலிசி எடுத்தவரும் கம்பெனியும் ஒத்துக்கொண்ட தொகை, அவ்வளவுதான். சந்தை விலைக்கு அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி, செஸ் உட்பட 29 சதவீதமாக இருந்தது 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை அந்த வகையில் மட்டும் எட்டரை சதவீதம் குறைந்தால், பழைய வண்டி விலையும் பின்னாலேயே இறங்கத்தான் வேண்டும். அதற்கு முந்தைய விலைப் பட்டியலை வைத்துப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

‘2018 மாடல்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்சியில் பதிவு தேதி தனி, தயாரித்த மாதம் வருடம் தனி. 2017 கடைசியில் தயாராகி 2018 ஜனவரியில் பதிவான வண்டியும் 2018 மாடல் என்றே விற்கப்படும். ஸ்விஃப்டில் இது பெரிய விஷயம், ஏனென்றால் 2018 பிப்ரவரியில் உருவமே மாறியது. பின்கதவின் கைப்பிடி கதவுத் தகட்டில் இல்லாமல் மேலே கண்ணாடியை ஒட்டி இருந்தால் அது புது உருவம். பழைய உருவம் என்றால் நீங்கள் ஒப்பிட வேண்டியது 2017 வண்டிகளின் விலையோடு.

எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை, பைனான்ஸ் பதிவு, இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்று, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் பாருங்கள். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். இவை ஐந்து நிமிட வேலை. அதைவிட அதிகம் சொல்லக்கூடியது பழைய பாலிசிகளின் நகல். கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடத்துக்கு ஒரு படி ஏறும். சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஐந்தாறு வருடமாக ஒரே ஓனர் வைத்திருந்த வண்டியில் போனஸ் 20 என்று இருந்தால், ஏன் என்று கேட்கலாம். அது கிளெய்ம் நடந்ததற்கு உறுதியான சாட்சி இல்லை. போனஸ் ஓனருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. ஓனர் மாறினாலும், பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டாலும் பூஜ்யமாகும். ஆனால் மிக்ஜாம் வெள்ளம் வந்த 2023 டிசம்பரை ஒட்டி, ஓனர் மாறாமலே போனஸ் விழுந்திருந்தால் வெள்ளச் சந்தேகம் வலுவானது. கிலோமீட்டருக்கு நம்பகமான சாட்சி கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. வண்டி எண்ணைச் சொல்லி, எந்தத் தேதியில் என்ன மீட்டர் என்ற பட்டியலைக் கடைக்காரரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 58,000 ஓடிய வண்டியில் இரண்டாவது செட் டயர் இருப்பது இயல்பு. அந்த இரண்டாவது செட்டும் வழவழவென்று தேய்ந்திருந்து, கிளட்ச் மிதியின் ரப்பரும் வழுக்கினால் மீட்டர் சொல்வதைச் சந்தேகிக்க வேண்டும்.

வட சென்னையில் வண்டி எடுப்பவர் மற்ற எதையும்விட அதிக நேரம் செலவிட வேண்டியது தண்ணீரிலும் உப்பிலும்தான். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், கொளத்தூர், மணலி, எண்ணூர் என்று நின்ற தண்ணீரும் எவ்வளவு வண்டிகளை மூழ்கடித்தன என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ போட்ட வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, மறுபடி சந்தைக்கு வந்துவிடும். ஆர்சியில் அதற்கான சுவடு இருக்காது. அதனால் வண்டியில்தான் தேட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பக்கம் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் அந்த ஓரடியைப் பலரும் கழுவ மறந்துவிடுவார்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஸ்டெப்னி குழி, ஜாக்கி, டேஷ்போர்டுக்குக் கீழே தெரியும் இரும்புப் பட்டைகள் இவற்றில் செந்துரு இருக்கக் கூடாது. பியூஸ் பெட்டியைத் திறந்து வயர் முனைகளில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைத் தொட்டு மோந்து பாருங்கள். வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை நிறுத்தி, பத்து நிமிடம் வெயிலில் விட்டுப் பிறகு கதவைத் திறங்கள். மணலி, எண்ணூர் பக்கம் நின்ற தண்ணீரில் எண்ணெய்க் கசிவும் கலந்திருந்ததால், கதவு அட்டைக்குள்ளும் சக்கர வளைவுக்குள்ளும் கரிய பிசுக்குப் படிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

உப்பு மெதுவாக வேலை செய்யும். ராயபுரம், காசிமேடு முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் எட்டு வருடம் வெட்டவெளியில் நின்ற வண்டிக்கு வெளிப் பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் அடியில் அரித்திருக்கும். டிஎன் 03, 04, 05 என்று தொடங்கும் எண்கள் நம் பக்கத்து ஆர்டிஓக்களுடையவை. அது மட்டும் குற்றமாகாது, ஆனால் அடியில் படுத்துப் பார்க்க அது போதுமான காரணம். கதவின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பட்டை, சக்கர வளைவின் உள்மடிப்பு, பேட்டரித் தட்டு, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் குழாய்கள் ஆகிய இடங்களைப் பாருங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்றும், அரித்த தகடு மொத்தென்றும் சத்தம் தரும். வெளித் தகட்டில் துரு என்றால் டிங்கரிங் செலவைக் கழித்துக்கொண்டு பேசலாம். ஸ்பிரிங் கிண்ணத்திலோ அடிச்சட்டத்திலோ துரு ஓட்டையாகியிருந்தால், வெள்ளத்தில் போன வண்டியைப் போலவே, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் பேரமே கிடையாது.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பானெட், டிக்கி, முன் பெண்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு பீடிங் ரப்பரை இழுத்து உள்ளே வெல்டிங் புள்ளிகள் வரிசையாகக் கம்பெனி போட்டது போல இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பம்பர், கதவில் கீறலுக்காகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது சென்னை ரோட்டில் சகஜம், அதற்கு அதிகம் கழிக்க முடியாது.

ஓட்டிப் பார்க்கும் நாளில், நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் நீலப் புகையும் சத்தமும் தெரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ஸ்விஃப்டின் 1.2 பெட்ரோல் இன்ஜினில் டைமிங் செயின்தான் இருக்கிறது. ‘டைமிங் பெல்ட் மாத்திட்டோம் சார்’ என்று யாராவது விலையை நியாயப்படுத்தினால் அந்தச் செலவே கிடையாது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூலக்கடை மேம்பாலம் போல ஒரு ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. வேகத்தடைகள் உள்ள உட்தெருவில் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி ஓட்டினால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு போன்ற சஸ்பென்ஷன் பாகங்களின் தேய்மானம் கடகடவென்று கேட்கும். மதிய வெயிலில் சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிர்ச்சி குறைகிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; அதை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்தால், பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு, அண்மையில் அழிக்கப்பட்டதா என்பதும் தெரியும். வண்டி தானாகவே செய்துகொள்ளும் ‘ரெடினஸ்’ சோதனைகள் முடியாமல் நின்றால் அழித்து அதிக நாளாகவில்லை. இதெல்லாம் பழக்கமில்லை என்றால், நம்பிக்கையான மெக்கானிக்குக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கொடுத்துக் கூட்டிப் போங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

இப்போது கழிக்கும் கணக்கு. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கண்டுபிடித்த குறைக்கெல்லாம் புதுப் பொருளின் விலையைக் கழித்தால், ‘எட்டு வருஷ வண்டில எல்லாம் புதுசா இருக்குமா சார்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நீங்கள் விளம்பரங்களில் பார்த்த விலையே பாதி தேய்ந்த டயரும் நடுத்தரமான கிளட்ச்சும் உள்ள வண்டிக்கானது. எனவே வண்டியை எடுத்ததும் செய்தே ஆக வேண்டிய வேலைகளை மட்டும் முழுதாகக் கழியுங்கள். வழுக்கையான டயர், கடகடக்கும் சஸ்பென்ஷன், குளிராத ஏசி, நழுவும் கிளட்ச், இல்லாத இரண்டாவது சாவி போன்றவை அவை. ஆயில் மாற்றுவது, பாலிஷ் போடுவது உங்கள் செலவு. கணக்கின் உருவம் தெரிய ஒரு உதாரணம்: விளம்பரங்களிலிருந்து எடுத்த அடிப்படை 4,35,000 என்று வைப்போம். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். 165/80 ஆர்14 அளவுக்குச் சுமார் 9,000. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு கூலியோடு மெக்கானிக் சொன்னது 6,000. மிச்சம் 4,20,000. பெயர் மாற்றம் உட்பட, வண்டி என் கைக்கு வர நான் கொடுக்கும் உச்ச விலை அதுதான் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நூறு ரூபாய்கூட அந்த இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

உச்சம் 4.20 என்றால் 4 லட்சத்தில் ஆரம்பிப்பதில் எந்த அசிங்கமும் இல்லை, காரணம் கையில் இருக்கும்போது. மூன்று லட்சத்தில் ஆரம்பித்தால் உங்களை வாங்க வந்தவராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘அண்ணா, வண்டி பிடிச்சிருக்கு. என் பேர்ல ஆர்சி கைக்கு வர்ற வரைக்கும் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். இந்த மொத்தம் என்ற சொல் முக்கியம். விலையில் பதினைந்தாயிரம் குறைத்துவிட்டு, ‘பேர் மாத்த எட்டாயிரம், டாகுமென்ட் சார்ஜ் ஐயாயிரம்’ என்று பின்வாசலில் திரும்ப வாங்குவது வழக்கமான முறை. பெயர் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் சில நூறுகளில்தான். மற்றது ஏஜென்ட் கூலி. மொத்தம் சொன்ன பிறகு, குறைகளை மெக்கானிக் எழுதிய சீட்டோடு காட்டி, ‘இந்த வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தா நீங்க சொல்ற பக்கம் வர்றேன். இல்லேன்னா நாலு லட்சம், இன்னைக்கே பேங்க்ல டிரான்ஸ்ஃபர்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதியை நிரப்ப நீங்களே இன்னும் ஐயாயிரம் ஏற்றுவதுதான் பேரம் பழகாதவர்கள் இழக்கும் பணம். ஏற்றும்போது படி சுருங்க வேண்டும்: 4.00, 4.10, 4.15, 4.18. பத்து, ஐந்து, மூன்று என்று குறைவதைப் பார்த்தால் எல்லை நெருங்குகிறது என்று எதிராளிக்குப் புரியும். வண்டியைக் குறை சொல்லி மட்டம் தட்டாதீர்கள், மனைவி பிள்ளைகளையும் முதல் பார்வைக்குக் கூட்டிப் போகாதீர்கள். குழந்தை சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் விலை அங்கேயே நின்றுவிடும். ‘லாஸ்ட்’ என்பது அன்றைய பேச்சின் கடைசிதான். 4.30க்குக் கீழே வர மறுத்தால் போன் நம்பரைக் கொடுத்து, ‘4.18னா கூப்பிடுங்கண்ணா’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாலைந்து நாளில் அழைப்பு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அந்த விலையில் அவருக்கு வேறு ஆள் கிடைத்திருக்கிறார். உங்கள் கணக்கு தப்பென்று ஆகாது.

எந்த மாதத்தில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வண்டி எடுப்பவர்கள் குறைவு என்பதால் கடைக்காரர் இறங்கி வர வாய்ப்பு அதிகம். ஆயுத பூஜைக்கு முன்னும் தை பிறந்ததும் பிடிவாதமாக இருப்பார்கள். இது பொதுப் போக்கு மட்டுமே, எத்தனை ஆயிரம் என்று எண்ணிச் சொல்லும்படியான விதி இல்லை. மாதக் கடைசியில் போனால் குறையும் என்பது டார்கெட் வைத்து நடத்தும் கம்பெனி ஷோரூம்களுக்குப் பொருந்தலாம். இரண்டு மூன்று பேர் நடத்தும் கன்சல்டிங்குக்கு மாதக் கடைசியும் முதலும் ஒன்றுதான்.

இரண்டு இடங்களில் குறைத்த பணம் திரும்பப் போய்விடும். ஒன்று ஜிஎஸ்டி. பழைய காருக்கு 18 சதவீதம் என்று சொல்லி முழு விலைக்கும் கேட்டால் தவறு. ஓனரிடமிருந்து வாங்கிய விலைக்கும் உங்களுக்கு விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி. 3.80க்கு வாங்கி 4.20க்கு விற்றால் 40,000க்கு 7,200. முழு விலைக்குப் போட்டால் 75,600. தன் லாபத்தை உங்களிடம் காட்ட எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார் என்பதால், ‘ஜிஎஸ்டி உள்ளடக்கிய மொத்தம்’ என்று பேசி முடிப்பதே வழி. இன்னொன்று லோன். அவர்கள் ஏற்பாடு செய்யும் பைனான்ஸில் ‘ஒன்பது சதவீதம்தான்’ என்றால் ஃபிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டியா), குறையும் நிலுவைக்கா (கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டியா) என்று கேளுங்கள். மூன்று லட்சத்துக்கு நாலு வருடம் ஃபிளாட் 9 என்றால் மாதத் தவணை 8,500, மொத்தம் 4,08,000 கட்டுவீர்கள்; குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 16 சதவீதம். பைனான்ஸ் கமிஷன் கிடைப்பதால்தான் வண்டி விலையில் பத்தாயிரம் விட்டுக்கொடுக்க முன்வருவார்கள். எனவே முதலில் ரொக்க விலையைப் பேசி முடித்துவிட்டு, பிறகு லோனைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் வங்கியிலும் ஒரு விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பேங்க் வழியாகவே கொடுங்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் ரசீது வாங்கி, ‘பைனான்ஸ் பாக்கி, சலான், வெள்ளச் சேதம், அடிபட்ட சரித்திரம் தெரியவந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்’ என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் தீர்ந்தது என்ற பேங்க் என்ஓசியும், ஆர்சியிலிருந்து அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வராமல் மீதிப் பணம் போகக் கூடாது. பழைய தேதி போட்ட என்ஓசி ஆர்டிஓவில் ஏற்கப்படாமலும் போகலாம். பெயர் மாற்றத்துக்காக ஓனர் கையெழுத்திட்ட படிவம் 29, 30ஐக் கொடுத்து, ‘எப்ப வேணா மாத்திக்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இடையில் ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கடைக்காரரே பெயர் மாற்றித் தரட்டும். புது ஆர்சி உங்கள் பெயரில் வரும்வரை பதினைந்தாயிரமாவது நிறுத்தி வையுங்கள். இந்த ஒரு நிபந்தனைக்காக விலையில் இரண்டு மூன்றாயிரம் விட்டுக்கொடுக்கலாம், அது நஷ்டமில்லை. ‘இன்ஜினுக்கு ஆறு மாசம் நான் கேரண்டி’ என்று வாயால் சொன்னதை பில்லில் எழுத வைத்தால்தான், பின்னால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் நிற்கும்.

வண்டி கைக்கு வரும் நேரத்தில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று காலை அந்த வண்டி ஏதாவது விபத்தில் மாட்டியிருந்தால் பொறுப்பு யாருடையது என்று அதுதான் சொல்லும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு மாற்றாமல் வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குக் கிடைக்காது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். இதையும் உங்கள் மொத்தக் கணக்கில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கைப் பழைய ஓனர் மூடியிருக்கிறாரா என்று அங்கேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு பாஸ்டேக்தான் என்பதால் அதை மூடாமல் உங்களுக்குப் புதுசு கிடைக்காது. செங்குன்றம் தாண்டி நல்லூர் சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு முன்பின் தெரியாத ஓனருக்குப் போன் போடும் நிலை வேண்டாம்.